திரும்பி வந்த கதையை என்ன செய்வது?

கேள்வி: நான்கு வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். இதழ்களுக்கு அனுப்பியதில் பாதிக்குப் பதிலே இல்லை. மீதிக்கு 'பிரசுரிக்க இயலவில்லை, வருந்துகிறோம்' என்று ஒரே அச்சில் வார்த்த மின்னஞ்சல். கடைசியாக அனுப்பியது நான் எழுதியதிலேயே நல்ல கதை என்று நினைத்தது. அதுவும் திரும்பி வந்ததிலிருந்து ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. காரணத்தை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்? எனக்குத் திறமை இல்லை என்று எடுத்துக்கொள்வதா? மறுத்தவர்களுக்குப் பதில் எழுதலாமா?

பதில்:

இந்தக் கேள்விக்கு வழக்கமாக ஒரு பதில் வரும். ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தை 12 பதிப்பகங்கள் வேண்டாம் என்றன, 1997இல் வெளிவந்தது, அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும், அதனால் நீங்களும் மனம் தளராதீர்கள் என்பார்கள். தகவல் சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. 12 முறை திரும்பி வந்த கைப்பிரதிகள் உலகத்தில் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றில் ஜெயித்த ஒன்றை மட்டும்தான் நமக்கு எடுத்துச் சொல்கிறார்கள். திரும்பி வந்துவிட்டது என்பதால் ஒரு கதை மட்டமானதாகிவிடாது. அதே காரணத்தால் அது காலத்தை மீறிய படைப்பு என்றும் ஆகிவிடாது.

நான் சொல்ல நினைப்பது வேறு. ஒவ்வொரு மறுப்போடும் இரண்டு சங்கதிகள் சேர்ந்து வருகின்றன. ஒன்று வலி, இன்னொன்று தகவல். இரண்டும் ஒரே அளவில் வருவதில்லை. பெரும்பாலும் எதில் தகவல் மிகக் குறைவோ அதுதான் அதிகமாக வலிக்கிறது. வலித்த அளவை வைத்துக் கதையின் தரத்தை முடிவு செய்துவிடுகிறோம், அங்கேதான் கணக்கு தப்பிப்போகிறது. நீங்கள் இப்போது எழுதாமல் உட்கார்ந்திருப்பதற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

சில வருடங்கள் ஒரு சிற்றிதழுக்கு வரும் கதைகளை முதல் சுற்றில் படித்துப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது. வேலை முடிந்து வந்து இரவில் படிப்பதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் முதல் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் கிடைத்துவிடும்.

ஒரு மாத இதழை எடுத்துக்கொள்ளுங்கள். இதழுக்கு மூன்று கதை, ஆக வருடத்துக்கு 36. மாதம் 60 கதை வருகிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 720. இருபதில் ஒன்றுக்குத்தான் இடம். இருபதும் பிரமாதமாக இருந்தாலும் பத்தொன்பது திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பும் 684 கதைக்கும் காரணம் எழுத ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்று போட்டால் 171 மணி நேரம் ஆகிறது. இரண்டு மூன்று பேர் சொந்த நேரத்தில் நடத்தும் இதழில் அதற்கு யார் இருக்கிறார்கள்? போதாததற்கு, காரணம் எழுதினால் அதற்கு மறுப்பு எழுதி, அந்த மறுப்புக்கும் விளக்கம் கேட்பவர்கள் உண்டு. இரண்டு தடவை அப்படி மாட்டிக்கொண்ட ஆசிரியர் மூன்றாவது தடவை 'வருந்துகிறோம்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இப்போது இயந்திரம் எழுதிய கதைகளும் குவியலில் சேர்ந்துகொண்டன. அமெரிக்காவிலிருந்து வரும் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைகதை இதழ் 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. அந்த மாதம் இருபதாம் தேதிக்குள் மனிதர்கள் எழுதியது சுமார் 700, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தயாரித்தது சுமார் 500 என்று வந்து குவிந்துவிட்டன. உங்கள் கதையைப் படிக்கிறவரின் கண் எவ்வளவு களைத்திருக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தக் கண்ணில் பட்ட கதை ஒன்றைச் சொல்கிறேன். எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா இறந்தபிறகு மகன் அவர் இருந்த வீட்டைக் காலி செய்யப் போகிறான். முதல் பக்கம் முழுக்க ரயில், மழை, ஜன்னல் கம்பியில் வழியும் தண்ணீர். இரண்டாம் பக்கத்தில் வீட்டுப் பூட்டு திறக்க மறுக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து துக்கம் விசாரிக்கிறார். மூன்றாம் பக்கத்தில் மேசை இழுப்பறையைத் திறக்கிறான். உள்ளே பழைய கணக்குத் தாள்கள், பின்பக்கம் எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனுடைய மதிப்பெண் அட்டையில் மற்ற அப்பாக்களைப் போலக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக, தன் பெயரை எழுதி எழுதிப் பழகியிருக்கிறார். முதல் தாளில் எழுத்துகள் சாய்ந்து கிடக்கின்றன. கடைசித் தாளில் பெயருக்குக் கீழே, படித்தவர் போடுவதுபோல ஒரு கோடும் இழுத்திருக்கிறார்.

அந்தக் கோட்டைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதையைப் போட்டே ஆக வேண்டும் என்று வாதாடினேன். 'மூன்றாம் பக்கம் வரைக்கும் வாசகர் வர மாட்டாரே' என்றார் ஆசிரியர். முதல் இரண்டு பக்கத்தை வெட்டச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். அந்த இதழுக்கு வேண்டிய கதைகள் ஏற்கெனவே கைவசம் இருந்தன, அதில் ஒன்று அப்பாவின் மரணம் பற்றியது. கடைசியில் அவருக்கும் எல்லாருக்கும் போகும் அதே இரண்டு வரிதான் போயிற்று. தன் கதையைப் பற்றி இரண்டு பேர் ஒரு மாலை முழுக்கப் பேசினார்கள் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. முதல் பத்தியைத் தாண்டாமல் ஒதுக்கிய கதைகளுக்குப் போனதும் அதே இரண்டு வரிதான்.

ஆக, அச்சடித்தது போன்ற மறுப்பு சொல்வது ஒரே ஒரு விஷயத்தை: இந்தக் கதை, இந்த இதழில், இப்போது வரவில்லை. அதற்குள் திறமை, எதிர்காலம், எழுத்தாளராகும் தகுதி என்று எதையும் தேடாதீர்கள். அங்கே அதெல்லாம் எழுதப்படவில்லை. பதிலே வராமல் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும் கதையிலிருந்து அந்த அளவுகூடத் தெரிந்துகொள்ள முடியாது. படித்தார்களா என்பதே தெரியாது. இதழ் தன் விதிகளில் சொல்லியிருக்கும் கால அளவு முடிந்ததும் ஒரு முறை விசாரியுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி போட்டுவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

காரணம் சொல்லி மறுத்தாலும் அந்தக் காரணம் எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். சோவியத் ஆட்சியைக் கேலி செய்யும் நாவலான ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' கைப்பிரதியை லண்டனில் ஃபேபர் பதிப்பகத்தின் சார்பில் மறுத்தவர் கவிஞர் டி. எஸ். எலியட். 1944 ஜூலையில் அவர் எழுதிய கடிதம், எழுத்து மிகச் சிறப்பு என்று ஒப்புக்கொள்கிறது. அன்றைய அரசியல் நிலைமையை விமர்சிக்க இது சரியான கோணம்தானா என்பதில் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பதுதான் மறுத்ததற்குக் காரணம். அது போர்க்காலம், சோவியத் நாடு பிரிட்டனின் கூட்டாளி. வேறொரு பதிப்பகம் மறு ஆண்டு ஆகஸ்டில் புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டது. எலியட்டை விட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவரே எழுதிய விளக்கமான கடிதம்தான். ஆனாலும் கைப்பிரதியில் எதைத் திருத்துவது என்று கேட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

இதற்கு நேர்மாறான சம்பவமும் அதே பதிப்பகத்தில்தான் நடந்தது. 1953இல் வில்லியம் கோல்டிங் என்ற பள்ளி ஆசிரியரின் நாவல் அங்கே போய்ச் சேர்ந்தது. ஏற்கெனவே பல இடம் சுற்றி ஓரம் மடங்கிப்போன கைப்பிரதி. பதிப்பகத்துக்காகக் கைப்பிரதிகளை முதலில் படித்துப் பார்ப்பவர் அதை, அணுகுண்டு வெடிப்பைப் பற்றிய அபத்தமான, சுவாரசியமில்லாத கற்பனை, குப்பை, சலிப்பு, அர்த்தமே இல்லை என்று குறித்து ஒதுக்கிவிட்டார். வேலைக்குப் புதிதாக வந்திருந்த சார்ல்ஸ் மான்டீத் என்பவர் ஒதுக்கிய குவியலிலிருந்து அதை எடுத்துத் தொடர்ந்து படித்தார். தீவில் பையன்கள் வரும் இடம் வந்ததும் பிடித்துக்கொண்டார். தொடக்கத்தில் இருந்த அணு ஆயுதப் போர்ப் பகுதியை எடுக்கச் சொன்னார். தலைப்பும் மாறியது. 1954இல் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' என்ற பெயரில் வந்தது. கோல்டிங்குக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது.

குப்பை என்று எழுதியவரைக் கேலி செய்யத்தான் இந்தச் சம்பவத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். எனக்கு அதில் படுவது வேறு. அவர் எரிச்சல்பட்டது அணுகுண்டுப் பகுதியைப் பார்த்து. மான்டீத் வெட்டச் சொன்னதும் அதையே. முதலில் படித்தவர் கண்ட குறை நிஜமான குறைதான். ஒரு பகுதியின் குறையை வைத்து முழுப் புத்தகத்துக்கும் தீர்ப்பு எழுதியதில்தான் அவர் தவறினார். கடுமையான வார்த்தைக்குள்ளும் சில சமயம் ஒரு துளி தகவல் இருக்கும். கோபம் ஆறியபிறகு அந்தத் துளியை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் குழுவிலிருந்து யாராவது ஒரு வரி எழுதினால் அதற்குத் தனி மரியாதை கொடுங்கள். நேரமில்லாத ஒருவர் உங்களுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார். அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் பள்ளி இறுதியாண்டில் இருந்தபோது, 1966இல், வழக்கமான மறுப்புத் தாளில் கையால் எழுதிய குறிப்பு ஒன்று வந்தது. மோசமில்லை, ஆனால் உப்பிப்போயிருக்கிறது, இரண்டாம் பிரதி என்பது முதல் பிரதியிலிருந்து பத்து சதவீதம் கழித்தது என்று அதில் இருந்தது. அந்தச் சூத்திரத்தை ஒரு அட்டையில் எழுதித் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். குறிப்பை எழுதியவர் யார் என்பது அவருக்கு நினைவில்லை. கதை வெளிவரவில்லை, ஆனால் வாழ்நாள் முழுவதும் பயன்படும் ஒரு விதி கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட மறுப்புகள் அபூர்வம். 'இது வேண்டாம், வேறு கதை இருந்தால் அனுப்புங்கள்' என்று வந்தால் அதை உபசார வார்த்தையாக நினைத்து விட்டுவிடாதீர்கள். நாங்கள் அதை எல்லாருக்கும் எழுதியதில்லை. அடுத்த கதை தயாரானதும் முதலில் அங்கே அனுப்புங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆசிரியர் குறை சொல்லும் இடமும் குறை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'முடிவு அவசரமாக இருக்கிறது' என்று எழுதுவார்கள். உடனே கடைசிப் பக்கத்தில் இன்னும் நாலு பத்தி சேர்ப்போம், கதை இழுத்த இழுப்புக்குப் போய் இன்னும் கெட்டுப்போகும். முடிவு அவசரமாகத் தெரிகிறதென்றால், பெரும்பாலும் அதற்குத் தேவையானதை நடுவில் எங்கோ போட மறந்திருப்போம். கணவனை விட்டு அவள் கிளம்பிப் போவது ஐந்தாம் பக்கத்தில் என்றால், போக நினைத்ததன் சாயல் இரண்டாம் பக்கத்தில் எங்காவது தட்டுப்பட்டிருக்க வேண்டும், சும்மா ஒரு பையைத் துடைத்து வைப்பது போலக்கூட. 'பாத்திரங்கள் மனதில் நிற்கவில்லை' என்றால் வர்ணனை போதவில்லை என்று அர்த்தமில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது தெரியவில்லை என்று அர்த்தம். எங்கோ இடிக்கிறது என்று வாசகர் சொன்னால் நம்புங்கள். எங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை நீங்கள்தான் தேட வேண்டும்.

வலியைப் பற்றி. 'தோல் தடிக்க வேண்டும்' என்று அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுத்தவர் வீட்டு இழுப்பறையில் கிடக்கும் கையெழுத்தைப் பார்த்துக் கலங்குகிறவர்தான் கதை எழுதுகிறார். தபாலில் வருவதற்கு மட்டும் அவர் தோல் தடித்துவிடும் என்று எப்படி எதிர்பார்ப்பது? ஒதுக்கப்பட்டால் வலிப்பது மனித இயல்பு. 2003இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், கணினியில் பந்து எறியும் விளையாட்டுக்கு ஆட்களை உட்காரவைத்து, பாதியில் அவர்களுக்குப் பந்து வராமல் செய்து மூளையைப் படம் எடுத்தார்கள். உடல் வலியின் துன்பத்தோடு தொடர்புள்ள பகுதி அப்போது தூண்டப்பட்டிருந்தது. முகம் தெரியாதவர்கள், காசு பெறாத விளையாட்டு, அதற்கே அப்படி. மாதக்கணக்கில் எழுதிய கதை திரும்பி வந்தால் இரண்டு நாள் சோறு இறங்காமல் போவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மேடலின் லெங்கல் என்ற அமெரிக்க எழுத்தாளரின் நாற்பதாவது பிறந்தநாளன்று, 1958இல், அவர் நாவல் ஒன்று திரும்பி வந்தது. இனி எழுதுவதில்லை என்று தட்டச்சு இயந்திரத்தை மூடி போட்டு மூடினார். அறைக்குள் அழுதுகொண்டே நடந்தார். நடக்கும்போதுதான் கவனித்தார், மனம் தன் போக்கில் தோல்வியைப் பற்றி ஒரு நாவலைக் கட்டிக்கொண்டிருந்தது. மூடியை எடுத்துவிட்டார். அதன்பிறகு அவர் எழுதிய 'எ ரிங்கிள் இன் டைம்' இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் மறுக்கப்பட்டு 1962இல் வெளிவந்தது, மறு ஆண்டு சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. பதக்கத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. மூடியை எடுத்தபோது அவர் கையில் எந்த நல்ல செய்தியும் இல்லை. இனி ஒரு புத்தகம்கூட வெளிவராமல் போகலாம், ஆனாலும் எழுதத்தான் வேண்டும் என்று தெரிந்தேதான் எடுத்தார்.

நடைமுறையில் எனக்குப் பலன் தந்தவை சில உண்டு. மறுப்பு வந்த அன்று அந்தக் கதையைத் திறப்பதில்லை. அன்றிரவு செய்யும் திருத்தம் திருத்தமாக இருக்காது, கதையைத் தண்டிப்பதாக இருக்கும். ஆசிரியரைச் சாடி முகநூலில் எழுதவே கூடாது. இலக்கிய உலகம் ரொம்பச் சின்னது, அதைப் படிப்பவர்களில் உங்கள் அடுத்த ஆசிரியரும் இருப்பார். நம்பிக்கையான ஒருவரிடம் புலம்பலாம், ஒருவரிடம் மட்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, கதையை அனுப்பும் அன்றே அடுத்த கதையின் முதல் பத்தியையாவது எழுதி வைத்துவிடுவது. கையில் ஒன்றும் இல்லாமல் காத்திருப்பவருக்கு அனுப்பிய கதைதான் உலகம். பாதி எழுதிய கதை மேசையில் இருந்தால் அதன் சிக்கல் பாதிக் கவனத்தை இழுத்துக்கொள்ளும். அனுப்பும்போதே, இங்கே இல்லாவிட்டால் அடுத்தது எங்கே என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். திரும்பி வரும் நாளில் யோசிக்கும் தெம்பு இருக்காது, நோட்டைப் பார்த்து அனுப்பும் தெம்பு இருக்கும். ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாமா என்பது இதழுக்கு இதழ் மாறும், விதிகளைப் படித்துப் பாருங்கள். அனுமதி இருந்து அனுப்பினால், ஒரு இடத்தில் ஏற்றதும் மற்ற இடங்களுக்கு அன்றே தெரிவித்துவிட வேண்டும்.

இதெல்லாம் சாதாரண வருத்தத்துக்குத்தான். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது கதை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது திறமை. பிரசுரத்தை வைத்து அதை அளக்க முடியாது என்பதற்கு பிரிட்டிஷ் நாவலாசிரியர் டோரிஸ் லெஸ்ஸிங் ஒரு சோதனையே செய்து காட்டினார். புகழின் உச்சியில் இருந்தபோது ஜேன் சோமர்ஸ் என்ற புனைபெயரில் ஒரு நாவலை அனுப்பினார். பல வருடங்களாக அவர் புத்தகங்களை வெளியிட்டுவந்த லண்டன் பதிப்பகமே அதை வேண்டாம் என்றது. வேறு இடத்தில் 1983இல் வந்தது, பெரிதாக விற்கவில்லை. எழுதிய கை அதே கைதான், அட்டையில் பெயர்தான் வேறு.

ஆனால் இதை வைத்து, ஆசிரியர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டி நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது. குவியலில் நான் படித்ததில் பெரும்பகுதி உண்மையாகவே தயாராகாத கதைகள். மோசம் என்று சொல்லவில்லை, தயாராகவில்லை. எழுதியவருக்குத் தெரிந்திருப்பதெல்லாம் தாளில் இறங்கிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். உங்கள் கதையும் அப்படியா என்று பார்க்க வழி இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் எழுதியதை எடுத்து இப்போது படியுங்கள். எங்கெங்கே கூசுகிறது என்று உங்களால் சுட்டிக்காட்ட முடிந்தால் கண் வளர்ந்திருக்கிறது. கண் முதலில் வளரும், கை பின்னால்தான் வரும். இடைப்பட்ட காலம்தான் பாடு, எழுதுவது எதுவுமே பிடிக்காது. ஒன்றும் கூசவில்லை, எல்லாமே நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் அதுதான் கவலைப்பட வேண்டிய நிலைமை.

இன்னொன்று, கதையை இரண்டு பேரிடம் கொடுங்கள். 'எப்படி இருக்கிறது' என்று கேட்காதீர்கள், 'நல்லா இருக்கு' என்பார்கள். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் எதைத் தாண்டிப் போகிறார்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், நீங்கள் உயிரைக் கொடுத்து எழுதிய காட்சி அவர்கள் சொல்லும்போது வருகிறதா என்று பாருங்கள். சத்தமாக வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது. மூச்சு முட்டும் வாக்கியம் உங்களுக்கே தெரிந்துவிடும், எதிரில் இருப்பவர் தொலைபேசியைத் தேடும் பத்தியும் தெரிந்துவிடும்.

எத்தனை முறை திரும்பி வந்தால் கதையைத் திருத்துவது என்று கேட்பீர்கள். அறிவியல் புனைகதை எழுதிய ராபர்ட் ஹைன்லைன் 1947இல் ஐந்து விதிகள் சொன்னார்: எழுது, எழுதியதை முடி, ஆசிரியர் கேட்டாலொழியத் திருத்தாதே, அனுப்பு, விலைபோகும் வரை அனுப்பிக்கொண்டே இரு. மூன்றாவதைத் தவிர மற்ற நான்கையும் ஒப்புக்கொள்கிறேன். ஆறப்போட்டுத் திருத்தாத முதல் பிரதியை அனுப்பும் பழக்கத்தால்தான் குவியல் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. ஆனால் அவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்பது புரிகிறது. ஒவ்வொரு மறுப்புக்கும் கதையை மாற்றிக்கொண்டே போனால், பத்தாவது இடத்துக்குப் போகும்போது அது யார் எழுதிய கதை என்று உங்களுக்கே தெரியாது. காரணம் சொல்லாத மறுப்புக்காக ஒரு வரியையும் மாற்றாதீர்கள். தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டினால் மாற்றுங்கள்.

சொந்தச் செலவில் வெளியிட்டுவிடலாமா என்ற யோசனையும் இந்த மாதிரிச் சமயத்தில் எட்டிப் பார்க்கும். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் தன் பெருநாவலின் முதல் பாகத்தை 1913இல் சொந்தப் பணத்தில்தான் கொண்டுவந்தார், மறுத்தவர்களில் ஒருவரான ஆந்த்ரே ழீத் மறு ஆண்டே வருந்திக் கடிதம் எழுதினார். இணையத்தில் போடச் செலவுகூட இல்லை. ஆனால் மறுப்பு வந்த வாரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். பல இதழ்கள் வேறெங்கும் வெளிவராத கதையைத்தான் வாங்கும், வலைப்பூவில் போட்டதையும் வெளிவந்ததாகவே கணக்கு வைப்பார்கள்.

அனுப்புவதை ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாமா என்றால் தாராளமாக வைக்கலாம். அனுப்புவதும் எழுதுவதும் வெவ்வேறு வேலைகள். ஒன்றின் களைப்பு மற்றதில் ஏறாமல் பார்த்துக்கொள்ள அது ஒரு வழி.

உங்கள் 'நல்ல கதை'யைத் திறக்க இன்னும் இரண்டு வாரம் ஆகட்டும். பிறகு அச்செடுத்து, கையில் பேனாவோடு, அந்த அப்பா கையெழுத்துக் கதைக்குக் கேட்ட கேள்வியை இதற்கும் கேளுங்கள்: எந்த வரியில் நான் நிமிர்ந்து உட்கார்கிறேன், அது எத்தனையாவது பக்கத்தில் வருகிறது? முன்னால் இருப்பதை வெட்டிப் பாருங்கள். வெட்டியும் கதை புரிந்தால் வெட்டியதை விட்டுவிடுங்கள். புரியவில்லை என்றால் அந்தப் பக்கங்களுக்கு வேலை இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். பிறகு நோட்டில் குறித்த அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

கடைசியாக, மறுப்புக்குப் பதில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அச்சடித்த மறுப்புக்கு வேண்டாம். நன்றி சொல்லிக்கூட எழுத வேண்டாம், அவர்கள் திறக்க வேண்டிய மின்னஞ்சல் ஒன்று கூடும், அவ்வளவுதான். காரணம் கேட்டு எழுதவே வேண்டாம். உங்கள் கதையைப் பற்றிக் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தால் மட்டும் இரண்டு வரி போதும்: படித்ததற்கும் குறிப்புக்கும் நன்றி, அடுத்த கதையை அனுப்புகிறேன். விளக்கம், சமாதானம், 'அந்த இடத்தில் நான் சொல்ல வந்தது' என்பதெல்லாம் சேர்க்காதீர்கள். சொல்ல வந்தது கதையில் இல்லை என்றுதானே அவர் எழுதியிருக்கிறார்.